அச்சக நண்பர்களே, றோலருக்கு றப்பர் போடக் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஓப்செற் மெசின் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. பழைய றோலர்களைச் சேர்த்துத் தெற்கே அனுப்பி, புது றப்பர் போட்டு வாங்கித் தருகிறவர். கேட்ட கூலி கொழும்பு விலையில் பாதிக்குச் சற்று மேல்.

எங்களுடையது சின்ன அச்சகம். கோயில் நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம். கல்வெட்டு பிந்தினால் மன்னிப்பே கிடையாது. 31ஆம் நாள் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் எண்ணெய் தாங்கும் செயற்கை றப்பரான நைற்றைல்தான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுத்தோம்.

றோலர்கள் வந்தபோது பார்க்க நல்ல வடிவு. மீற்றரை வைத்து அளந்தும் காட்டினார்: மை பூசும் றோலர் 30 ஷோர் ஏ (றப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு), பிளேற்றை நனைக்கும் தண்ணி றோலர் 25. “பாருங்கோ அண்ணை, நீங்கள் கேட்ட அளவுதான்.” அளவில் பிழையில்லை. ஆனால் அந்த மீற்றர் சொல்வது றப்பர் மெதுவா கடினமா என்பதை மட்டுமே. அதே 30 நைற்றைலிலும் வரும், நம்முடைய களுத்துறை, கேகாலைத் தோட்டத்து இயற்கை றப்பரிலும் வரும். எங்களுக்குப் போட்டிருந்தது இரண்டாவது.

இயற்கை றப்பர் மோசமான சரக்கு என்று சொல்ல வரவில்லை. இழுவையும் கிழிசலும் தாங்குவதில் அது கெட்டிக்காரன். ஆனால் எண்ணெயைக் குடிக்கும். ஓப்செற் மை எண்ணெயில் குழைத்தது. கழுவுவதும் மண்ணெண்ணெய் வகைத் திரவத்தால். நைற்றைல் இவற்றுக்கு ஈடுகொடுக்கும், அதனால்தான் சாதாரண மைக்கு அதைப் போடுகிறார்கள்.

கொஞ்ச நாளில் மை றோலர்களின் இரண்டு ஓரமும் தேநீரில் நனைந்த பிஸ்கற் மாதிரி ஊதின. றோலரைப் பிளேற்றில் (அச்சுத் தகட்டில்) தொடவிட்டுப் பார்த்தால் நாலு மில்லிமீற்றர் அளவில் ஒரே சீராக விழவேண்டிய மைக்கோடு, நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் விழுந்தது. ஒரு கல்வெட்டின் முகப்புப் படத்தில் ஐயாவின் முகம் ஒரு பக்கம் கறுத்துப் போயிற்று. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, அது ஏசியதை விடக் கூடுதலாகச் சுட்டது. கடதாசி எங்கள் செலவு, திருப்பி அடித்தோம்.

பிறகு ஒரு றோலரின் ஓரம் கழன்றது. உரித்துப் பார்த்தால் இரும்பில் பழைய பசையும் துருவும் அப்படியே இருந்தன. பழைய றப்பரை நீக்கி, மணலடித்து இரும்பை வெளிக்காட்டி, ஒட்டுமருந்து பூசி, வேகாத பச்சை றப்பரைச் சுற்றி, நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, கடைசியாகக் கடைந்து அளவெடுக்க வேண்டும். இங்கே மணலடிப்பே நடக்கவில்லை.

கேட்டதற்கு முதலில் “நீங்கள் கழுவுற எண்ணெய் பிழை” என்றார். பிறகு “இரண்டும் கலந்த றப்பர்” என்றார். பில்லில் இருந்ததோ ‘றோலர் றப்பர்’ என்ற இரண்டு சொல்தான். கடைசியில், பொலியூரிதேன் என்ற இன்னொரு செயற்கைப் பொருளைப் போட்டால் ஆயுளுக்கும் கிடக்கும், அதற்குத் தனி விலை என்றார்! பொலியூரிதேன் தேய்மானத்துக்கு அருமையானது, உண்மை. ஆனால் அதில் பொலியெஸ்ரர் வகை சூடும் ஈரமும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதையும். எங்கள் ஊர்க் காற்றில், தண்ணி ஓடும் மெசினில், எந்த வகை என்று கேட்காமல் அதை எப்படிப் போடுவது?

யூவீ மைக்கு, அதாவது புற ஊதா ஒளியில் காயும் மைக்கு, மாற யோசிப்பவர்களுக்கும் ஒன்று. அந்த மையில் சாதாரண நைற்றைல் ஊதும். அதற்கு ஈபீடீஎம் என்ற வேறொரு செயற்கை றப்பர் போடுவார்கள். அந்த ஈபீடீஎம்மோ சாதாரண எண்ணெய் மையில் ஊதும். ஆகவே எந்த மை, எந்தக் கழுவுதிரவம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பில்லில் றப்பரின் பெயரும் ஷோர் அளவும் கடைந்து முடித்த விட்டமும் இருக்கட்டும்.

காசு இன்னும் திரும்பி வரவில்லை. புதுச் செற் நேரே கொழும்பில் செய்வித்தோம். இந்த முறை றோலருக்குப் போட்ட அதே றப்பர்க் குழையலில் வேகவைத்த ஒரு துண்டையும் கேட்டு வாங்கி, தடிப்பை அளந்து, கழுவுதிரவம் ஊற்றிய போத்தலில் இரவு முழுக்கப் போட்டு வைத்தோம். விடிய எடுத்து அளந்தபோது தடிப்பு அநேகமாக அப்படியே இருந்தது. பழைய றோலரில் வெட்டிய துண்டு பக்கத்துப் போத்தலில் கண்ணுக்கே தெரியும்படி பெருத்திருந்தது.