அட்டையில் பைமெட்டல், உள்ளே வெறும் கார்பன் ஸ்டீல்: ரம்ப பிளேடு வாங்குபவர்கள் கவனத்துக்கு

இடிப்பு வேலை எடுப்பவர்கள், தச்சர்கள், பிளம்பர்கள் என்று பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படித்துவிட்டு அடுத்த பிளேடை வாங்குங்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கருவிக் கடையில் பெரிய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட போலிச் சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடிக்க எடுத்திருந்தோம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் ஒட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடி. இப்படிப்பட்ட வீட்டை இடிக்க உரிமையாளர் நமக்குப் பணம் தருவதில்லை, நாம்தான் அவருக்குத் தருகிறோம். நிலை, ஜன்னல், உத்தரம், கம்பி ஆகியவற்றை விற்றுத்தான் கூலி, வண்டி வாடகை, லாபம் எல்லாம். நிலை முழுதாக வெளியே வந்தால் ஒரு விலை, கால் பிளந்துவிட்டால் விறகு விலை. கடப்பாரை போட்டு நெம்பினால் நிலையைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் இறங்கியிருக்கும் இரும்புப் பட்டையான ஹோல்டுபாஸ்ட் மரத்தையும் கிழித்துக்கொண்டு வரும். எனவே சுவருக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள சந்தில் நீளமான பிளேடை விட்டு, ஹோல்டுபாஸ்டையும் ஆணிகளையும் மரத்தை ஒட்டியே அறுத்துவிடுவோம். கிரைண்டரின் சக்கரம் அந்தச் சந்தில் நுழையாது.

இந்த வேலைக்கு ஏதோ ஒரு பிளேடு போதாது. சாதாரண பிளேடு 0.9 மில்லிமீட்டர் கனம்தான், சந்துக்குள் போனதும் நெளியும். இடிப்பு வேலைக்கென்று வருவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனம், ஓர் அங்குலம் வரை அகலம். ஆணி அடித்த மரத்துக்கு அங்குலத்துக்கு 6 பல் போதும், இரும்பு மட்டும் என்றால் 14, தகடு என்றால் 18 அல்லது 24. இதைவிட முக்கியம், பல் எதனால் ஆனது என்பது. கார்பன் ஸ்டீல் பிளேடில் உடலும் பல்லும் ஒரே இரும்பு. சுத்தமான மரத்துக்கும் கிளை வெட்டவும் அது போதும், ஆணியில் பட்டால் தீர்ந்தது. பைமெட்டலில் முதுகு வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் எஃகு, பல் வரிசை தனியாகப் பற்றவைத்த ஹைஸ்பீடு ஸ்டீல், அதாவது சூடேறினாலும் கடினம் குறையாத எஃகு. கார்பைடு பிளேடில் ஒவ்வொரு பல்லின் முனையிலும் எஃகைவிடக் கடினமான ஒரு கார்பைடு துண்டு பதிந்திருக்கும். வார்ப்பிரும்புக் குழாய்க்கு அது ஏற்றது, ஆனால் விலை பைமெட்டலைப் போலப் பல மடங்கு.

நாங்கள் கேட்டது 225 மில்லிமீட்டர் பைமெட்டல், கனமான ரகம். கிடைத்த பாக்கெட்டின் அட்டையிலும் அதுவே அச்சாகியிருந்தது, 8 சதவீதம் கோபால்ட் என்ற பெருமையோடு. பெட்டியாக எடுத்ததால் விலையில் சற்றுத் தள்ளுபடி. பில்லில் "பிளேடு" என்று ஒரே ஒரு சொல்.

முதல் ஹோல்டுபாஸ்டிலேயே புகை. ரம்பம் ஓடுகிறது, வெட்டு இறங்கவில்லை. வெளியே இழுத்துப் பார்த்தால் இரண்டு விரல்கடை நீளத்துக்குப் பல்லே இல்லை, ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. அடுத்ததைப் போட்டோம். அது பாதி வெட்டில் மாட்டி, மடங்கி, நிலையின் காலைப் பூ வேலைப்பாடு வரை பிளந்துவிட்டது. பழைய மரக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பலகையாக அறுக்கத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் எங்களிடம் மிச்சமிருந்த பழைய பிளேடையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்னர் போட்டுத் துடைத்தோம். நல்ல பிளேடில் பல்லின் அடிக்குச் சற்றுக் கீழே, நீளம் முழுதும் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது. இரண்டு எஃகும் பற்றவைத்த இடம் அது. புதியதில் பெயிண்ட் போன பிறகு ஒன்றுமே இல்லை. நிறம் மாறும் இடத்தையே கோடு போலத் தெரியும்படி பெயிண்ட் அடித்திருந்தார்கள். எத்தனை அக்கறை பாருங்கள்! முக்கோண அரத்தை எடுத்துப் பல்லில் தேய்த்தோம். பழையதில் அரம் கிறீச்சிட்டு வழுக்கிப் போனது. புதியதில் கடித்தது, தூள் உதிர்ந்தது. ஹைஸ்பீடு ஸ்டீல் பல்லில் அரம் அப்படிக் கடிக்காது.

கடைக்குப் போனால் கடைக்காரர் எனக்கே பாடம் எடுத்தார். "இரும்புக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், அண்ணே. ஆர்பிட்டலை நிறுத்தினீர்களா? ஷூவை அழுத்திப் பிடிக்காவிட்டால் எந்த பிளேடும் நிற்காது." ஆர்பிட்டல் என்பது பிளேடை மேலும் கீழும் ஆட்டி ஓட்டும் அமைப்பு, ஷூ என்பது பொருளில் ஊன்றும் முன்பக்கத் தகடு. அவர் சொன்னதெல்லாம் உண்மைதான், அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. அதே இயந்திரத்தில், அதே ஆள், அதே ஹோல்டுபாஸ்டைப் பழைய பிளேடால் அறுத்து முடித்துவிட்டுத்தான் நான் அங்கே போயிருந்தேன். அரத்தை எடுத்தேன். மேசையில் வைக்கவே விடவில்லை. பணம் திரும்பக் கிடையாது, வேண்டுமானால் அந்தத் தொகைக்குக் கட்டிங் வீல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போலி பிளேடு விற்றவரிடம் வாங்கிய சக்கரத்தை நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் கிரைண்டரில் மாட்ட எனக்குத் துணிவில்லை.

கிளம்பும்போது ஒரு மிரட்டலும் வந்தது: "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை, எங்கே போனாலும் செல்லாது." இதைக் கேட்டுப் பயந்து திரும்பியவர்கள் பலர் இருப்பார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. ஆள் வைத்து வேலை செய்யும் என் விஷயத்தில் என்ன சொல்வார்களோ, பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அட்டையில் பெயர் உள்ள நிறுவனத்துக்கும் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

இனி உங்கள் வேலை. பில்லில் நிறுவனத்தின் பெயர், மாடல் எண், நீளம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பிளேடு வாங்கி, கடை வாசலிலேயே உப்புத்தாள் போட்டு அந்தக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கார்பைடு என்றால் பல்லின் முனையில் தனித் துண்டு கண்ணுக்கே தெரிய வேண்டும், முனையில் சாம்பல் நிறப் பெயிண்ட் மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி சில்லறைப் பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் இருந்தாக வேண்டும். எங்கள் பாக்கெட்டில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் விலை மட்டும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர். சுரண்டிப் பார்த்தேன், அடியில் வெறும் அட்டை. பிரிக்காத பாக்கெட்டுகளைச் சான்றுக்காக அப்படியே வைத்திருக்கிறேன். இதே ஸ்டிக்கரோடு வேறு யாராவது வாங்கியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு 1915க்குச் சொல்லுங்கள்.