குளியலறைக் கைப்பிடிகள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடையது நான்கறை வீடு. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். பேரப்பிள்ளைகள் வராத வாரம் என்றால் சந்தை, சமையல், ஒலி 96.8 வானொலி, மாலையில் கீழ்த்தளத்தில் ஒரு நடை, அவ்வளவுதான். இப்படி அமைதியாக ஒரு வாரம் ஓடுவதில் குளியலறைச் சுவரில் இருக்கும் கைப்பிடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ‘ஈஸ்’ திட்டத்தில் 2019இல் பொருத்தினோம். போடலாமா என்று யார் கேட்டாலும் உடனே போடுங்கள் என்பேன். ஆனால், எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: மூத்தோர் இருக்கும் வீவக வீடுகளுக்காக 2012இல் தொடங்கிய திட்டம் இது. வீட்டு உரிமையாளர் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், அங்கே வசிக்கும் குடும்பத்தினர் ஒருவருக்கு 65 வயது ஆகியிருக்க வேண்டும். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவர் என்றால், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் அடுத்தவர் உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். கைப்பிடி, குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, சாய்தளம் ஆகியவை கிடைக்கும். வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. நாங்கள் கைப்பிடியும் பூச்சும் மட்டும் கேட்டோம்.

அளவெடுக்க வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. பென்சிலை எடுத்துச் சுவரில் குறி வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, “ஐயா, நீங்க ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டுங்க” என்றார். என் வீட்டுக்காரர் கழிவறை மூடிமேல் உட்கார்ந்தார். அவருக்கு இடது முழங்கால் வலி. வலது கையைச் சுவரில் ஊன்றி முன்பக்கம் சாய்ந்துதான் எழுந்திருப்பார். கை பட்ட இடம், முதலில் குறிக்கப் பார்த்த இடத்தைவிட ஒரு சாண் முன்னால் இருந்தது. கைப்பிடி அங்கேதான் போனது. அடுத்து என் முறை. நான் குள்ளம், வலது தோளும் உறைந்துபோய்ச் சரியாகத் தூக்க வராது. ஷவர் பக்கம் நிறுத்த வேண்டிய நெட்டுக் கைப்பிடியை எனக்காக இறக்கி வைத்தார். ஒரே குளியலறைதான், ஆனால் இரண்டு உடம்புக்கும் அளவெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார் அந்தத் தம்பி. துளை போடும்போது டைல்ஸ் தூள் கூடம் வரைக்கும் பறந்தது. துணிமணியை முன்கூட்டியே மூடி வைத்துவிடுங்கள்.

இவை கீழே விழும்போது பிடித்துக்கொள்ளத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், அன்றாடம் எழுந்து உட்காரத்தான் அதிகம் உதவுகின்றன. இரவில் மூன்று மணிக்கு எழுந்து போகிறோம். இரத்த அழுத்த மாத்திரை போடுபவர் என்பதால் சட்டென எழுந்தால் அவருக்குத் தலை சுற்றும். கழிவறைப் படியில் கால் வைக்குமுன் வாசலோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பார். விளக்குப் போடாமலே கை அங்கே போகிறது. முன்பெல்லாம் அவர் எழுந்தால் நானும் விழித்துக்கொண்டு, திரும்பி வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். இப்போது தூங்கிவிடுகிறேன். இது ஒன்றே எனக்குப் போதும்.

சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல். நம் வீடுகளில் இந்தப் பூச்சுக்கு உண்மையான சோதனையே அன்றைக்குத்தான். வெறும் தண்ணீர் என்றால் கால் நன்றாகப் பிடிக்கும். நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்து வழிந்தால் தரையில் ஒரு படலம் நிற்கும், அதன்மேல் எந்தப் பூச்சும் உதவாது. அதனால் எண்ணெயைக் குளியலறைக்கு வெளியே, நாற்காலியில் பழைய துண்டு விரித்துத் தேய்த்துக்கொள்வார். உள்ளே போகுமுன் உள்ளங்கையையும் பாதத்தையும் கடலை மாவு போட்டு வழித்துவிடுவோம். எண்ணெய்க் கை எஃகுக் கைப்பிடியில் நிற்காது. குளித்து முடித்ததும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, கெட்டித் தூரிகையால் தேய்த்து அலசிவிட வேண்டும். வாரா வாரம் இதைச் செய்யும் வரை பூச்சு நன்றாக இருக்கிறது. இரண்டு வாரம் விட்டால் சொரசொரப்பில் அழுக்கு ஏறிக் கறுக்கும், வழுக்கவும் தொடங்கும். பூச்சு போய்விட்டது என்று சொல்பவர்கள் முதலில் ஒருமுறை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திருகாணியை மறைக்கும் வட்ட மூடிகள் நாளடைவில் கழன்று சுழல்கின்றன, உள்ளே ஈரம் தங்குகிறது. ஷவர் பக்கத்துக் கைப்பிடி ஒன்று இலேசாக ஆடத் தொடங்கியபோது, பொருத்தும் வேலையை எடுத்த குத்தகையாளரைப் பலமுறை அழைத்த பிறகுதான் ஆள் வந்து இறுக்கினார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்ப்பது நல்லது. தயவுசெய்து துண்டைக் கைப்பிடியில் போடாதீர்கள். அவசரத்தில் துணியோடு சேர்த்துப் பிடித்தால் கை வழுக்கும். துண்டுக்குத் தனிக் கொக்கி மாட்டுங்கள்.

2024 ஏப்ரலில் திட்டத்தை விரிவாக்கி, மடக்கும் குளியல் இருக்கை போன்றவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் குளிக்கிறோம். அதன் கால் ஈரத்தில் நகர்வது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரோடு மடங்கும் இருக்கைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்.

“கைப்பிடி மாட்டினால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும்” என்று எதிர்வீட்டு அக்கா நெடுநாள் ஒத்திப்போட்டார். பிறகு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். இப்போது அவர் வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். அந்த வலியைப் பட்ட பிறகுதான் மாட்ட வேண்டுமா என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை. 65 நிறைந்த கையோடு, நன்றாக நடமாடும்போதே போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் இணையத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக விண்ணப்பித்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வீவக கிளை அலுவலகத்துக்கு நேரில் போகலாம். அளவெடுக்க வரும் நாளில் மட்டும் பிள்ளைகளிடம் பொறுப்பை விடாமல், அந்தக் குளியலறையைப் பயன்படுத்தும் பெரியவர்கள் அத்தனை பேரும் வீட்டில் இருங்கள். வருபவர் கேட்காவிட்டாலும் உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள்.