பிஜிஎம்ஐ ஸ்குவாட்: கூட்டாளிகளோடா, ரேண்டம் ஆட்களோடா?

போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ-யில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஸ்குவாட், அதாவது ஓர் அணி, என்றால் நாலு பேர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு பேர், அஸ்தம்பட்டியில் ஒருவர் என்று மூன்று பேரைத் தேற்றிவிட்டு, காலி இடத்தை கேமே நிரப்பும் ஆட்டோ மேட்சிங்கை அணைக்க மறந்தால், நாலாவதாக முன்பின் தெரியாத ஒருவர், அதாவது ரேண்டம் ஆள், வந்து நிற்பார். அவர் வரமா வம்பா என்பது ஆடுகிற மோடைப் பொறுத்தது.

டீம் டெத்மேட்சுக்கு ரேண்டம் ஆட்களே போதும். நாலுக்கு நாலு, முதலில் 40 கில் எடுக்கிற அணிக்கு ஜெயம். செத்தாலும் சில விநாடியில் திரும்ப இறங்கிவிடலாம். யாரும் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி உதறுவது) பழகவும் சென்சிட்டிவிட்டி (விரல் அசைவுக்குக் குறி எவ்வளவு நகரும் என்பது) சரிபார்க்கவும் இதுவே தோதான இடம்.

கடைசிவரை மிஞ்சும் அணி ஜெயிக்கிற கிளாசிக் மோடின் கதை வேறு. எராங்கல் மேப் 8 கி.மீ.க்கு 8 கி.மீ., இறங்குவது 100 பேர். நாக் ஆனவரை (குண்டடிபட்டு விழுந்தும் இன்னும் சாகாதவரை) எழுப்பச் சுமார் 10 விநாடி பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும், அதுவரை சுட முடியாது. முகம் தெரியாதவருக்காக அந்த ஆபத்தில் தலையைக் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? ரேண்டம் ஸ்குவாட் கவிழ்வது பெரும்பாலும் குறி தப்பியதால் அல்ல, இந்த இடத்தில்தான். நாக் ஆனவரும் பொறுமையில்லாமல் வெளியேறிவிடுவார். கூட்டாளி என்றால் வருவான். ஆனால் வெறுங்கையோடு ஓடிவந்து அவனும் விழுவான். எதிரி இருக்கும் பக்கமாக ஸ்மோக் (புகைக் குண்டு) போட்டு, புகை பரவியபிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். அதனால் ஆளுக்கு இரண்டு ஸ்மோக்காவது பையில் இருக்கட்டும்.

லூட்டிலும் (கிடைக்கிற ஆயுதம், குண்டுகளைப் பொறுக்குவதிலும்) கூட்டாளிகளுக்கே அனுகூலம். நாலு பேரும் எம்416 துப்பாக்கியைத் தூக்கினால் 5.56 குண்டுக்குப் பஞ்சம் வரும், 7.62 தரையில் கிடந்து வீணாகும். இருவர் 5.56 போடும் எம்416 அல்லது ஸ்கார், இருவர் 7.62 போடும் ஏகேஎம் அல்லது பெரில் என்று இறங்கும் முன்பே பிரித்துக்கொள்ளலாம். ரேண்டம் ஆட்களிடம் இந்த ஒப்பந்தம் செல்லாது; தூரத்து ஆளைக் குறிபார்க்கும் 8எக்ஸ் ஸ்கோப் கிடைத்தவர், கிட்டத்தில் மட்டும் சுடும் ஷாட்கன் வைத்திருந்தாலும் தரமாட்டார்.

ரேண்டமில் பாதி நேரம் இந்திதான் கேட்கும். அதற்கு மார்க் பட்டன் போதும். திசைகாட்டி எண்ணை மட்டும் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு: உங்களுக்கு 245-இல் தெரிகிற ஆள், நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வேறு எண்ணில் தெரிவான். இடத்தை மார்க் செய்தால் குழப்பமில்லை. கூட்டாளிகள் இதைத்தான் செய்வதில்லை. "அந்த மரத்துக்குப் பின்னாடி மாப்ள" என்பார்கள். எந்த மரம்?

கூட்டாளிகளின் பெரிய குறை வாய். ஆடும் இடம் சுருங்கிச் சுருங்கி வரும் கடைசி ஜோனில் தட்டுவடை செட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று பஞ்சாயத்து நடந்தால் எதிரியின் காலடிச் சத்தம் எப்படி விழும்? அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீட்டிலிருந்து ஆடுபவர் மைக்கைத் திறந்தே வைத்தால் நாலு பேர் காதிலும் தறிதான் ஓடும். பேசும்போது மட்டும் திறக்க வேண்டும். நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் கேமின் மைக், டீம் ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சொன்னதே எதிரொலியாகத் திரும்பி வரும். ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டினால் பேச்சு கேட்கும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்பது போய்விடும். இதில் இரண்டுமே வேண்டும் என்றால் நடக்காது.

ரேங்க் வித்தியாசமும் இடிக்கும். மேல் ரேங்கான கிரவுனில் இருப்பவரோடு கீழ் ரேங்கான வெள்ளியில் இருப்பவர் சேர்ந்தால், பாட்களை (கேமே ஆட்டுவிக்கும் ஆட்களை) சுட்டுப் பழகியவருக்கு லாபி (எதிரில் வரும் கூட்டம்) கனமாகிவிடும். ரேண்டமில் இறங்கினால் ஓரளவு தன் தரத்து ஆட்களே வருவார்கள். ஆனால் அறிமுகமான இரண்டாவது மேட்சிலேயே யூசி (கேமுக்குள் செல்லும் காசு) தருகிறேன் என்று லாகின் விவரமோ ஓடிபியோ கேட்பவர்கள் உண்டு. பிளாக் செய்துவிட்டு நகருங்கள்.

ஏற்காட்டில் அறை எடுத்து ஆடும் கூட்டத்துக்கு: 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்வரை மேட்ச் போடாதீர்கள், வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும். அறையில் ஒரே ஹாட்ஸ்பாட்டில் நாலு போனையும் மாட்டினால், ஒருவர் ரீல்ஸ் திறந்தாலும் மற்ற மூவருக்கும் பிங் (நெட் தாமதம்) எகிறும். இரண்டு நிறுவனத்து சிம் வைத்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஒரு லைன் போனாலும் எழுப்ப இரண்டு பேர் மிஞ்சுவார்கள்.