அமாவாசையே வராத நிலவுக் கருவி

பள்ளிகொண்டா பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் முப்பத்தொரு பேர். கடலைப் பார்த்தவர்கள் நான்கே பேர். பக்கத்தில் இருக்கும் பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஓதத்தை, அதாவது கடல் நீர் தினமும் ஏறி இறங்குவதை, கரும்பலகையில் வரைந்து புரியவைப்பது பெரும்பாடு. அதனால் வேலூரில் பள்ளி உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் 1,850 ரூபாய் கொடுத்து நிலவும் ஓதமும் காட்டும் சுழல் கருவி ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் வகுப்பில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறிய குறை அல்ல. நிலாப் பந்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. அதைக் கம்பி நுனியில் அசையாதபடி ஒட்டியிருக்கிறார்கள், வெள்ளைப் பக்கம் பூமியைப் பார்த்தபடி. கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் வெள்ளை முகம் பூமியை விட்டுத் திரும்புவதில்லை. மூன்றாவது சுற்றில் முன்வரிசைப் பெண் கேட்டாள்: "டீச்சர், இதில் அமாவாசை எப்போது வரும்?"

வரவே வராது. நிலா நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் ஒளிபெறும் பாதி எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும் பாதி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று ஏற்கெனவே நம்பியிருக்கும் பிள்ளைகள் முன்னால் இப்படி ஒரு கருவியை வைப்பது பெரிய தவறு. தயாரித்தவர்கள் ஒரே ஒரு முறை சுற்றிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

கருவியோடு வரும் விளக்கு மட்டும் நல்ல விளக்கு. ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து, அதை மேசைமேல் வைத்து, ஆளுக்கொரு டேபிள் டென்னிஸ் பந்தை ஈர்க்குச்சியில் செருகிக் கொடுத்தேன். அவரவர் தலைதான் பூமி. விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம், அதாவது அமாவாசை. மெல்ல இடப்பக்கமாகத் திரும்பத் திரும்ப வலது ஓரத்தில் பிறை தெரிந்து, அரைவட்டமாகி, விளக்குக்கு முதுகைக் காட்டும்போது முழு நிலவாகிறது. பந்தைத் தலைக்கு நேராகப் பிடித்தவர்களுக்கு அந்த இடத்தில் தலையின் நிழல் விழுந்தது. அதுதான் சந்திர கிரகணம். சற்று உயர்த்திப் பிடித்ததும் பந்து பளிச்சென்றது. நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சாய்வும் கருவியில் இல்லை.

இனி ஓதப் பகுதி. இதற்காகத்தான் கருவியை இன்னும் வைத்திருக்கிறேன். பூமி உருண்டையைச் சுற்றி முட்டை வடிவத்தில் இரண்டு ஒளிபுகும் தட்டுகள். நீலம் நிலாவுக்கு, மஞ்சள் சூரியனுக்கு. மஞ்சளின் புடைப்பு நீலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. சூரியனின் ஓத விசை நிலாவினுடையதில் ஏறத்தாழ 46 சதவீதம் என்பதால் இந்த அளவு சரியானது, யோசித்துச் செய்திருக்கிறார்கள். சென்னை இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி உருண்டையைச் சுழற்றினோம். ஒரே சுற்றில் ஊசி இரண்டு புடைப்புகளைக் கடந்தது. அதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், பழைய இடத்தைப் பிடிக்க உருண்டை இன்னும் சற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரம் சராசரியாக 50 நிமிடம். மலைக்குமேல் நிலா எழும் நேரத்தை நான்கைந்து நாள் குறித்துவந்திருந்த பிள்ளைகள் உடனே நோட்டைப் புரட்டினார்கள்.

பிறகு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகும் பேருந்துக் கூட்டம். அமாவாசை என்றால் மேல்மலையனூர்க் கூட்டம். இந்த இரண்டு நாட்களிலும்தான் இரு புடைப்புகளும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து கடல் அதிகம் ஏறுகிறது என்றேன். (கரையில் அது ஓரிரு நாள் தள்ளித் தெரிவதும் உண்டு.) அஷ்டமியையொட்டி, அரைநிலா நாளில், தட்டுகள் குறுக்கே நிற்கின்றன, ஏற்றமும் இறக்கமும் குறைகின்றன. தினசரி காலண்டரில் தினமும் பார்க்கும் சொற்கள் இவை. வகுப்பு அப்படி அமைதியாகக் கேட்டு நான் வெகுநாள் பார்த்ததில்லை.

நிலா இல்லாத மறுபக்கத்தில் நீர் ஏன் புடைக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். கூட வந்த தாளில் இதற்குப் பதில் இல்லை, தமிழில் ஒரு வரியும் இல்லை. மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, நிலாவுக்கு அருகில் இருந்தவனை மூன்று அடியும், நடுவில் இருந்தவனை இரண்டு அடியும், கடைசியில் இருந்தவனை ஓர் அடியும் நடக்கச் சொன்னேன். நடுவில் இருந்தவனுக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி கூடியது. அருகில் உள்ள நீரை நிலா அதிகம் இழுக்கிறது, பூமியை அதைவிடக் குறைவாக, மறுபக்க நீரை இன்னும் குறைவாக. அதனால் அந்த நீர் பின்தங்கிப் புடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தட்டின் புடைப்பைப் பார்த்துவிட்டுக் கடல் மலையளவு ஏறும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சென்னையில் பெரிய ஓதத்தன்றும் வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரைத் தொடுவது அதன் புனல் போன்ற வடிவத்தாலும்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓதம் நடத்துவதற்கு இதை வாங்கலாம். பிறை நடத்த பந்தும் ஈர்க்குச்சியும் போதும். கடையிலேயே மஞ்சள் தட்டைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் எனக்குக் கொடுத்த கருவியில் அது நீலத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது. மாற்றித் தர இரண்டு முறை அலைய வைத்தார்கள்.