தக்கைப்பூண்டு விதைக்க வெறும் கையா, மணலா, பாட்டிலா?

காய்ப்பு ஓய்ந்த பாத்தியைச் சும்மா போடாமல் தக்கைப்பூண்டோ கொழுஞ்சியோ, ஏதாவது ஒரு பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூ எடுக்கும்போது மண்ணுக்கு உரமாக மடக்கி உள்ளே போடுகிறோம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்பது வயல் கணக்கு. வீட்டுத் தோட்டத்தில் ஒரு சென்ட்டுக்கு அது 200 கிராம்தான். கொழுஞ்சி என்றால் 80 கிராம் போதும். இந்தக் கொஞ்சூண்டு விதையை 435 சதுர அடிக்கும் பரப்புவதுதான் பாடு.

வெறும் கையால் வீசுவது நெல் விதைத்துப் பழகிய கைக்குச் சரி. தக்கைப்பூண்டு விதை வழவழப்பானது, விரல் இடுக்கில் நழுவிவிடும். முதல் நாலு அடியிலேயே பாதி போய்விடும், கடைசி மூலைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு பக்கம் நாற்றங்கால் போல நெருக்கம், மறுபக்கம் கோரை. களையை அமுக்கத்தானே இதை விதைத்தோம்? விட்டுப்போன இடத்தில் அந்த வேலையே நடக்காது.

நான் கைவிடாத முறை மணல் கலப்பது. அரைக்கீரை விதைக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஒரு டம்ளர் விதைக்கு நாலைந்து டம்ளர் சலித்த மணல். மணலில் லேசாக ஈரம் இருக்கட்டும். காய்ந்த மணலில் கலந்து வாளியை ஆட்டிக்கொண்டே நடந்தால் விதை ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் எனப் பிரிந்துவிடும். அதற்காகப் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் கூடாது. கலந்ததை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைத் தெற்கு வடக்காகவும், மறு பங்கைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். முதல் நடையில் விட்டதை இரண்டாம் நடை பிடித்துவிடும். கரிசல் மண்ணானால் வெளிர் மணல் விழுந்த தடமே கண்ணுக்குத் தெரியும்.

மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில், இரண்டடி அகலப் பாத்திக்கு அருமை. செடிகளுக்கு நடுவே குனிந்து தூவ இதைவிட வசதி இல்லை. ஆனால் ஓட்டை விதையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஒரு சென்ட் முழுக்க இதில் தூவினால் கை ஓய்ந்துவிடும்.

வரிசை பிடித்து விதைப்பதை, இன்னொரு பசுந்தாள் செடியான சணப்புக்கு வைத்துக்கொள்ளலாம், விதை பெரிது. மற்றவற்றுக்கு அந்த மெனக்கெடல் வேண்டாம்.

கொழுஞ்சியில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அதன் தோல் கெட்டி. சீராகத் தூவினாலும் பாதி இன்று, பாதி பத்து நாள் கழித்து என்று முளைத்தால், கையைக் குறை சொல்லாதீர்கள். விதைக்கும் முன் சொரசொரப்பான மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மணல் எப்படியும் கையில் இருக்கிறது.

தூவிய பின் முள்வாரியால் மேலோட்டமாகக் கிளறி, ஒரு விரற்கடைக்கும் குறைவாக மண் மூடினால் போதும். தண்ணீர் பூவாளியில்தான். ஹோஸ் பைப்பைத் திருப்பினால், இத்தனை பாடுபட்டுப் பரப்பிய விதை அத்தனையும் பாத்தியின் தாழ்ந்த மூலையில் போய் ஒதுங்கிவிடும்.