விண்கதிர்: ஆளைப் பார்ப்பதா, எலியைப் பார்ப்பதா?

திருகோணமலையில் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் மருமகள் கேட்டாள்: "மாமா, விண்வெளிக் கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் எண்டு எப்பிடிப் படிக்கிறது நல்லம்?"

ஒன்று, போய்வந்தவர்களையே பரிசோதிப்பது. 2015–16இல் ஸ்கொட் கெலி 340 நாள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்க, இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார், இருவரையும் ஒப்பிட்டார்கள். மனித உடம்பு, உண்மையான பயணம். ஆனால் ஒரே ஒரு சோடி. எடையின்மை செய்தது எது, கதிர் செய்தது எது என்று பிரிப்பது கடினம். நிலையமும் 400 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் காந்தப்புலக் குடைக்குள்தான்.

மற்றது, நியூயோர்க்கின் புரூக்ஹேவனில் 2003 முதல் இயங்கும் நாசாவின் ஆர்முடுக்கி (துணிக்கைகளை வேகப்படுத்தும் இயந்திரம்) ஆய்வுகூடம். விண்கதிரில் வருவதுபோல இரும்பின் கருக்களைக்கூட வேகப்படுத்தி எலிகள், கலங்கள் மீது பாய்ச்சுகிறார்கள். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், திரும்பச் செய்யலாம். ஆனால் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படவேண்டியதைப் பெரும்பாலும் சில நிமிடங்களில் கொட்டிவிடுகிறார்கள். எலி மனிதனுமில்லை.

"எங்கட புல்மோட்டைக் கடற்கரை மணலும் கதிர் வீசுமாமே, அதை வைச்சுப் படிக்கேலாதோ?" என்றாள். அதிலுள்ள மொனசைற் என்ற கனிமத்தின் தோரியம் தருவது அல்பாத் துணிக்கை, கதை வேறு.

செவ்வாய்க்குப் போகும் வழியில் நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவேட் (உடம்பில் படும் கதிரின் அலகு) என்று நாசாவின் கியூரியோசிற்றி ஊர்தி அளந்தது. அப்படிப் பயணிக்கப்போகிறவருக்கு, என் வாக்கு ஆர்முடுக்கிக்கே.