இடப்பக்கமா, வலப்பக்கமா: பியானோ கச்சேரியில் எங்கே உட்காருவது?

சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு (சிறிய இசைக்குழு) விருந்தினராக ஒரு பியானோ கலைஞர் வாசிக்கிறார். நடுவில் இடமில்லை, மேடையை நோக்கி அமர்ந்தால் வரும் இட, வல ஓரங்கள்தான் மிச்சம். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

விரல்கள்
இடம்: 88 கட்டைகளும் கண்ணெதிரே. ஒரு கை மற்றதைத் தாண்டிப் பாய்வதைப் பார்ப்பதே தனி இன்பம்.
வலம்: கைகள் மறைந்துவிடும். ஆனால் முகம் தெரியும். இசைக்குழுவை நடத்துபவரோடு அவர் கண்ணால் பேசுவதும் தெரியும்.

ஒலி
இடம்: முதல் வயலின்கள் அருகில் இருப்பதால் அவை சற்று ஓங்கிக் கேட்கும்.
வலம்: திறந்த மூடியில் பட்டுத் திரும்பும் பியானோ நாதம் இங்கே நிறைவாக வரும். பெரும்பாலும் செல்லோக்களும் (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்கள்) இந்தப் பக்கம்தான். காதுக்கு இதுவே மேல் என்பேன்.

எந்தப் பக்கமானாலும் முதல் வரிசை வேண்டாம். மேடை உயரமாக இருந்தால் பியானோவின் அடிப்பகுதியும் கால்களும்தான் தெரியும், ஒலியும் தலைக்கு மேலே போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: கலைஞரே குழுவையும் நடத்துகிறாரா? அப்படியானால் பெரும்பாலும் மூடியைக் கழற்றிவிட்டு, அவர் அவைக்கு முதுகு காட்டி அமர்வார். ஒலி மேல்நோக்கிப் போகும். இடம், வலம் வேறுபாடு மிகவும் குறைந்துவிடும். அப்போது மாடி இருக்கைதான் அருமை.

மற்றபடி, பியானோ கற்பவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் தயங்காமல் இடப்பக்கம் எடுங்கள். கண்ணை மூடிக் கேட்பவர்களுக்கு வலப்பக்கம்.